இறைச்சிக்குக் காவலாக நல்ல பாக்டீரியா: வாசகர் கேள்வி பதில்

சமைத்துத் துண்டு போட்டுப் பொட்டலமாக விற்கும் இறைச்சியிலும், புளிக்கவைத்து உலர்த்தும் சாசேஜிலும் நோய் தரும் பாக்டீரியாவை நல்ல பாக்டீரியாவைக் கொண்டே அடக்குவது பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு உணவு நுண்ணுயிரியல் தெரிந்தவர்கள் இந்த இதழில் பதில் தருகிறார்கள்.

கேள்வி: ஒரு பாக்டீரியா இன்னொன்றை எப்படி அடக்கும்? பிடித்துத் தின்றுவிடுமா?

தின்னாது. மற்ற பாக்டீரியாவைத் தின்னும் இனங்களும் இருக்கின்றன, ஆனால் இறைச்சித் தொழிலில் பயன்படுபவை அவை அல்ல. இங்கே நடப்பது பெரும்பாலும் பந்திக்கு முந்திக்கொள்ளும் வேலைதான். இறைச்சியின் மேற்பரப்பில் எளிதாகக் கிடைக்கும் சர்க்கரை கொஞ்சமே. சர்க்கரையை லாக்டிக் அமிலமாக்கும் லாக்டிக் பாக்டீரியாவை ஆரம்பத்திலேயே கிராமுக்கு 10 லட்சம், ஒரு கோடி என்ற கணக்கில் தூவிவிட்டால், அவை குளிரிலும் பெருகி கிராமுக்குப் பத்துக் கோடி அளவைத் தொட்டுவிடும். அதோடு அவற்றின் வளர்ச்சி நின்றுபோகும். அப்படி நிற்கும்போது கூட இருக்கும் மற்ற பாக்டீரியாவும் சேர்ந்தே நின்றுவிடுகிறது. இதை 1962-ல் சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமியை வைத்து விவரித்தவர் ஜேம்சன் என்ற ஆய்வாளர். இன்றும் இதற்கு 'ஜேம்சன் விளைவு' என்றே பெயர். கிராமுக்குப் பத்து என்ற நிலையில் உள்ளே வந்த லிஸ்டீரியா என்ற நோய்க்கிருமி, பெரும்பான்மைக் கூட்டம் நிற்கும்வரை மட்டுமே வளர முடியும். எனவே கூட்டம் எவ்வளவு சீக்கிரம் நிறைகிறதோ அவ்வளவு நல்லது.

இரண்டாவது ஆயுதம் லாக்டிக் அமிலம். மூன்றாவது பாக்டீரியோசின் என்ற சிறு புரதம். பீடியோகாக்கஸ் இனங்கள் சுரக்கும் பீடியோசினை எடுத்துக்கொள்வோம். லிஸ்டீரியாவின் சவ்வில் மேனோஸ், குளுக்கோஸ் போன்ற சர்க்கரைகளை உள்ளே இழுக்கும் ஒரு வாசல் உண்டு. பீடியோசின் அந்த வாசலில்தான் போய் ஒட்டும். ஒட்டியதும் சவ்வில் துளை விழும், செல்லுக்குள் இருக்கும் பொட்டாசியமும் ஆற்றலும் வெளியே கசியும், செல் செத்துப்போகும். லிஸ்டீரியா உயிர்வாழ எந்த வழியாகச் சாப்பிடுகிறதோ, அதே வழியாகவே சாவும் வருகிறது. ஆனால் அந்த வாசலே இல்லாத அல்லது அதைக் குறைத்துக்கொண்ட லிஸ்டீரியா செல்கள் அரிதாகப் பிழைத்துக்கொள்ளும். பாக்டீரியோசினை மட்டும் நம்பி உட்கார முடியாததற்கு இதுதான் காரணம்.

கேள்வி: நன்றாக வேகவைத்த இறைச்சியில் லிஸ்டீரியா எங்கிருந்து வருகிறது?

வேகவைக்கும்போது அது சாகத்தான் செய்கிறது. துண்டின் நடுப்பகுதி 70 டிகிரி செல்சியஸில் 2 நிமிடம் இருந்தால் போதும். வெந்த பிறகுதான் வினை. உறையை உரிக்கும் மேசை, துண்டு போடும் இயந்திரத்தின் கத்திக்குப் பின்னால் உள்ள இடுக்கு, கன்வேயர் பெல்ட்டின் விரிசல், தரையில் உள்ள வடிகால், குளிரூட்டியில் சொட்டும் நீர் இவைதான் அதன் வீடு. அங்கே படலமாகப் படிந்து மாதக்கணக்கில் பிழைத்திருக்கும்.

மற்ற பல கிருமிகள் குளிர்பெட்டியில் முடங்கும், இது முடங்காது. சுழிய டிகிரியை ஒட்டியும் மெதுவாக வளரும், இறைச்சியில் போடும் வழக்கமான அளவு உப்பைப் பொருட்படுத்தாது, காற்றில்லாத பையிலும் பெருகும். ஒன்றரை நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பதாக வைத்துக்கொண்டால்கூட 15 நாளில் ஆயிரம் மடங்கு. தென்னாப்பிரிக்காவில் 2017, 2018-ல் லிஸ்டீரியா தொற்று உறுதிசெய்யப்பட்ட நோயாளிகள் ஆயிரத்துக்கும் மேல். இறந்தவர்கள் இருநூறுக்கும் மேல். அப்படியே சாப்பிடும் பதப்படுத்திய இறைச்சிதான் காரணம் என்று 2018 மார்ச்சில் கண்டறிந்தார்கள். கர்ப்பிணிகளுக்கும் பிறந்த குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும்தான் இது மிகக் கொடியது. அதனால்தான் இந்தப் பக்கத்தில் திரும்பத் திரும்ப லிஸ்டீரியா பெயரே வருகிறது.

கேள்வி: சிறிய கூடத்தில் வெந்த இறைச்சியைத் துண்டு போட்டு வெற்றிடப் பையில் அடைக்கிறோம். உலர்பொடியாக ஒரு காப்புக் கல்ச்சர், அதாவது காவலுக்கென வளர்த்த லாக்டிக் பாக்டீரியா, வாங்கியிருக்கிறோம். 100 கிலோவுக்கு எவ்வளவு, எப்படிச் சேர்ப்பது?

முதலில் கணக்கு. 100 கிலோ என்பது ஒரு லட்சம் கிராம். கிராமுக்கு 10 லட்சம் உயிருள்ள செல் வேண்டுமென்றால் மொத்தம் பத்தாயிரம் கோடி செல். உங்கள் பொட்டலத்தின் சான்றிதழில் 'கிராமுக்குப் பத்தாயிரம் கோடி' என்று இருந்தால் ஒரு கிராம் பொடி போதும். ஆயிரம் கோடி என்றிருந்தால் 10 கிராம். தெளிக்கும்போது கொஞ்சம் வீணாகும், கரைக்கும்போது கொஞ்சம் சாகும். ஆகவே கணக்கில் வந்ததைப்போல இரண்டு மடங்கு எடுங்கள். பொட்டலத்தை எடைபோட்டுப் பிரிக்காமல் 'ஒரு பொட்டலம் ஒரு தொகுதிக்கு' என்று போடுவதில்தான் பலர் தவறுகிறார்கள்.

பொடியை மைனஸ் 18 டிகிரியில் வையுங்கள். வெளியே எடுத்ததும் திறக்காமல் கால் மணி நேரம் அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள். குளிர்ந்த பொட்டலத்தைத் திறந்தால் காற்றின் ஈரம் பொடியில் இறங்கிக் கட்டியாகிவிடும். குளோரின் இல்லாத நீரை, அதாவது கொதிக்கவைத்து ஆறவைத்ததை, 20 முதல் 25 டிகிரி சூட்டில் 500 மில்லி எடுத்துக்கொள்ளுங்கள். பொடியை நீரின் மேல் தூவி மெதுவாகக் கலக்கி 15 முதல் 30 நிமிடம் விடுங்கள். பனிக்கட்டி நீரில் நேராகப் போட்டால் செல்லின் சவ்வு அதிர்ச்சியில் கிழிந்து பாதி கல்ச்சர் அங்கேயே போய்விடும். கரைத்த நீரை ஒரு மணி நேரத்துக்குள் தெளித்து முடியுங்கள். மிச்சத்தை நாளைக்கு என்று எடுத்துவைக்காதீர்கள்.

500 மில்லி என்பது 100 கிலோவுக்கு அரை சதவீதம். பையில் நீர் தேங்காது, துண்டெல்லாம் நனையும். தெளிக்க வேண்டிய இடம், கத்திக்குப் பிறகு, பைக்கு முன்பு. துண்டு போடுவதற்கு முன் முழுக்கட்டியின் மேல் தெளித்தால் வெட்டுமுகம் வெறுமையாகவே இருக்கும். லிஸ்டீரியா ஒட்டுவதோ அந்த வெட்டுமுகத்தில். துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று விழும்போதே இரு பக்கமும் ஈரம் படும்படி குழல்முனையை அமைக்க வேண்டும். சரிதானா என்று பார்க்க ஓர் எளிய வழி உண்டு. கல்ச்சருக்குப் பதிலாக உணவுச் சாயம் கலந்த நீரைத் தெளித்து, அடுக்கிய துண்டுகளைப் பிரித்துப் பாருங்கள். சாயம் படாத வெள்ளைத் திட்டு எங்கே இருக்கிறதோ, கல்ச்சரும் அங்கே போகாது. சோதித்த இறைச்சியை விற்பனைக்கு அனுப்ப வேண்டாம்.

வேகவைப்பதற்கு முன் அரைத்த இறைச்சிக் கலவையில் கல்ச்சரைச் சேர்ப்பது வீண். சூட்டில் அதுவும் சாகும்.

கேள்வி: சொன்னபடியே தெளித்தும் ஆய்வக அறிக்கையில் '25 கிராமில் லிஸ்டீரியா உள்ளது' என்று வந்தது. கல்ச்சர் போலியா?

அவசியம் இல்லை. '25 கிராமில் உண்டா இல்லையா' என்ற சோதனை, ஒரே ஒரு செல் இருந்தாலும் ஊட்டம் கொடுத்து வளர்த்துக் கண்டுபிடித்துவிடும். காப்புக் கல்ச்சரின் வேலை இருக்கும் செல்லைப் பெருகவிடாமல் வைப்பது. ஐரோப்பிய விதி 2073/2005 விற்பனைக் காலத்தில் கிராமுக்கு 100 என்ற எல்லையை ஏற்கிறது. அமெரிக்க விதி, சமைத்த, அப்படியே உண்ணத் தயாரான பொருளில் அது இருக்கவே கூடாது என்கிறது. இரண்டாவது விதியின் கீழ் விற்பவருக்குக் கல்ச்சர் கூடுதல் வேலிதான். கழுவுதலுக்கு மாற்று ஆகாது. உங்களுக்கு வேண்டியது எண்ணிக்கை அறிக்கை. பொதியும் நாளில் எத்தனை, காலாவதி நாளில் எத்தனை என்று இரண்டையும் கேளுங்கள்.

எண்ணிக்கையே ஏறியிருந்தால் கல்ச்சர் வேலை செய்யவில்லை. அப்போது பார்க்க வேண்டியது, தெளித்த ஒரு மணி நேரத்தில் எடுத்த மாதிரியில் லாக்டிக் பாக்டீரியா எத்தனை என்பதை. கிராமுக்கு 10 லட்சம் போட்டதாக நினைத்தீர்கள், பத்தாயிரம்தான் வந்தது என்றால் வழியில் எங்கோ சாகிறது. பெரும்பாலும் குற்றவாளி இயந்திரத்தைக் கழுவிய கிருமிநாசினியின் எச்சம். குவாட்டர்னரி அம்மோனியம் வகை நாசினி உலோகத்தில் ஒட்டிக்கொண்டு நெடுநேரம் கொல்லும். அதைப் போட்டபின் குடிநீரால் அலசித்தான் ஆக வேண்டும். அடுத்து குழாய் நீரின் குளோரின். தெளிப்பான் தொட்டியைக் குளோரினால் கழுவி அலசாமல் விட்டதும் அதே கதைதான். திரவப் புகை பூசிய இறைச்சியில் உள்ள ஃபீனால் பொருள்களும் சில ரகங்களை அடக்கும்.

ஆய்வகத்திடம் ஒன்று கேட்க மறக்காதீர்கள். லாக்டிக் பாக்டீரியாவை எண்ண வழக்கமாக எம்ஆர்எஸ் அகார் என்ற ஊட்டக் கூழ்த் தட்டை 30 அல்லது 37 டிகிரியில் வைப்பார்கள். உங்கள் கல்ச்சர் கார்னோபாக்டீரியம் என்ற இனமாக இருந்தால் அந்த அகாரில் உள்ள அசிடேட் அதை வளரவிடாது. கல்ச்சர் நன்றாக இருந்தும் தட்டு காலியாகத் தெரியும். லேட்டிலாக்டோபேசில்லஸ் சாக்கே போன்ற குளிர்விரும்பி ரகத்துக்கு 25 டிகிரி பொருத்தம், 37 அதிகம். தவறான தட்டைப் பார்த்து நல்ல கல்ச்சரைக் குப்பையில் கொட்டிவிடாதீர்கள்.

தொடக்க எண்ணிக்கை சரி, ஆனாலும் லிஸ்டீரியா ஏறுகிறது என்றால், உள்ளே வந்த லிஸ்டீரியாவே அதிகம். கிராமுக்கு ஆயிரம் என்று உள்ளே வந்ததை எந்தக் கல்ச்சராலும் சமாளிக்க முடியாது. இயந்திரத்தைக் கழற்றித் தேய்க்கும் நேரம் அது.

கேள்வி: இறைச்சி புளிப்படிக்கிறது, சில பைகள் உப்புகின்றன, ஒரு தொகுதி பச்சை நிறமானது. மூன்றுக்கும் கல்ச்சர்தான் காரணமா?

மூன்றும் லாக்டிக் குடும்பத்தின் வேலைதான். நீங்கள் போட்ட ரகமா, கூடத்தில் குடியிருக்கும் அழையா விருந்தாளியா என்பதே கேள்வி.

புளிப்புக்கு அநேகமாகச் சர்க்கரை காரணம். காப்புக் கல்ச்சர் போடும் வெந்த இறைச்சியில் டெக்ஸ்ட்ரோஸை, அதாவது குளுக்கோஸ் சர்க்கரையை, ஒரு சதவீதம்வரை ஏற்றினால் கல்ச்சர் அதை முழுக்க அமிலமாக்கிவிடும். சர்க்கரையைக் குறையுங்கள், பாஸ்பேட் அமில மாற்றத்தைத் தாங்கிப்பிடிக்கும். பை உப்புவது, கரியமில வாயு விடும் லூக்கோனோஸ்டாக் போன்ற இனங்களால். அவற்றில் சில சாதாரணச் சீனியைக் கொண்டு நூல்போல இழுபடும் கோழையையும் உண்டாக்கும். ஆகவே சீனி சேர்க்கும் கலவையில் டெக்ஸ்ட்ரோஸுக்கு மாறுவது நல்லது. பச்சை நிறம் ஹைட்ரஜன் பெராக்சைடால் வருவது. வைசெல்லா விரிடெசென்ஸ் அதற்குப் பேர்போனது. மிதமான வேகலையும் தாங்கும். பை திறந்து காற்றுப் பட்டதும் சிவப்பு நிறமி பெராக்சைடால் சிதைந்து பச்சையாகும். ஓட்டைப் பையில் மட்டும் பச்சை தெரிந்தால் சீல் வைக்கும் பட்டையைப் பாருங்கள்.

கல்ச்சரை வாங்கும்போதே கேட்டு வாங்க வேண்டியவை: ஒரே வகை அமிலத்தை மட்டும் தரும் ரகமா, வாயு விடுமா, உடலுக்கு ஒவ்வாத டைரமின், ஹிஸ்டமின் உண்டாக்குமா, பிற பாக்டீரியாவுக்குத் தாவக்கூடிய ஆன்டிபயாட்டிக் எதிர்ப்பு மரபணு அதில் உண்டா. இவற்றுக்கு எழுத்தில் பதில் தராதவரிடம் வாங்காதீர்கள்.

கேள்வி: புளிக்கவைக்கும் சாசேஜில் கல்ச்சர் போட்டால் எத்தனை மணி நேரத்தில் பிஎச் (அமில அளவைக் காட்டும் எண்; இறங்கினால் புளிப்பு கூடும்) இறங்க வேண்டும்?

இங்கே எதிரி வேறு. புளிக்கவைக்கும் அறையின் வெதுவெதுப்பில் முதல் இரண்டு நாள் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸுக்குக் கொண்டாட்டம். அது விடும் நச்சு கொதிக்கவைத்தாலும் போகாது. பிஎச் 5.3-க்கு இறங்கும்வரை ஆபத்து இருக்கிறது.

வட அமெரிக்காவில் 'டிகிரி மணி' என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அறை வெப்பத்திலிருந்து 15.6-ஐக் கழியுங்கள், வருவதை, பிஎச் 5.3-ஐத் தொட ஆன மணி நேரத்தால் பெருக்குங்கள். அறை 33 டிகிரிக்குக் கீழ் இருந்தால் விடை 665-ஐத் தாண்டக் கூடாது. 24 டிகிரி அறையில் 8.4 வருகிறது; 665-ஐ அதால் வகுத்தால் 79 மணி நேரம். 30 டிகிரியில் 14.4; அப்போது 46 மணி நேரம்தான். 33 முதல் 37 டிகிரிவரை எல்லை 555, அதற்கு மேல் 500. தாண்டிய தொகுதியை உலர்த்திச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். நச்சு உருவாகியிருந்தால் உலர்த்தியும் போகாது, வேகவைத்தும் போகாது. அதற்கென்றே உள்ள நச்சுச் சோதனை இல்லாமல் வெளியே விடக் கூடாது.

சேர்மானம் இப்படி: கிலோவுக்கு உப்பு 25 முதல் 30 கிராம், டெக்ஸ்ட்ரோஸ் 5 முதல் 7 கிராம், கல்ச்சர் கிராமுக்கு 50 லட்சம் செல். கல்ச்சரையும் நைட்ரைட் உப்பையும் ஒரே கிண்ணத்தில் கலக்காதீர்கள். செறிந்த உப்பு நேராகப் பட்டால் செல் சாகும். அரைத்த இறைச்சியில் முதலில் கரைத்த கல்ச்சர், பரவியபின் மசாலாவும் சர்க்கரையும், கடைசியில் உப்பு. அமிலம் தரும் ரகத்தோடு ஸ்டாஃபிலோகாக்கஸ் கார்னோசஸ் அல்லது சைலோசஸையும் சேர்ப்பது, நைட்ரேட்டை நைட்ரைட்டாக்கி நிறமும் மணமும் கொடுப்பதற்காக. பெயரில் ஸ்டாஃபிலோகாக்கஸ் என்று இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்; ஆரியஸ் வேறு, இவை வேறு. பிஎச் வேகமாக இறங்கினால் இவை சரியாக வேலை செய்யாமல் நிறம் வெளிறும். அப்படியானால் அறை வெப்பத்தையோ டெக்ஸ்ட்ரோஸையோ கொஞ்சம் குறையுங்கள். டிகிரி மணி எல்லையை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கேள்வி: உயிருள்ள பாக்டீரியா எதற்கு? நைசின் பொடியையே போட்டுவிடலாமே?

போடலாம், அனுமதி உள்ள பொருளில், அனுமதித்த அளவில். நைசினும் ஒரு பாக்டீரியோசின்தான்; இ-234 என்ற எண்ணில் பல நாடுகளில் ஏற்கப்பட்ட உணவுச் சேர்க்கைப் பொருள். அதன் செயல் 1928-லேயே கவனிக்கப்பட்டது. ஆனால் இறைச்சியில் அது பாலாடைக்கட்டியில் போல வேலை செய்வதில்லை. கொழுப்பில் ஒட்டிக்கொள்ளும், அமிலமற்ற சூழலில் சரியாகக் கரையாது, பச்சை இறைச்சியில் இருக்கும் குளூட்டத்தையோன் என்ற சேர்மம் அதைக் கட்டிச் செயலற்றதாக்கும். முதல் நாள் லிஸ்டீரியாவைக் குறைத்துவிட்டு ஓய்ந்துவிடும். மிஞ்சியது பிறகு வளரும். உயிருள்ள கல்ச்சரோ இருந்த இடத்திலேயே புதிதாகச் சுரந்துகொண்டிருக்கும். இரண்டையும் சேர்த்துப் போடுபவர்கள், தங்கள் கல்ச்சரையே நைசின் கொல்லாதா என்று முன்கூட்டியே சோதிக்க வேண்டும். பல லாக்டிக் ரகங்களை அது கொல்லும்.

கேள்வி: சால்மோனெல்லா, ஈ.கோலி மீதும் காப்புக் கல்ச்சர் வேலை செய்யுமா?

பாக்டீரியோசின் வழியில் பெரிதாகச் செய்யாது. இவற்றுக்கு வெளிச்சவ்வு ஒன்று கூடுதலாக உண்டு. அதைத் தாண்டிப் புரதம் உள்ளே போகாது. அமிலமும் போட்டியும் ஓரளவு உதவும். இவற்றைக் குளிர் நன்றாகவே கட்டுப்படுத்தும். பச்சை இறைச்சியை 4 டிகிரிக்குக் கீழே வைத்தாலே இவை பெருகுவது ஏறத்தாழ நின்றுவிடும்.

உண்மையான பலன் இறைச்சிக்கு முந்திய கட்டத்தில், விலங்கின் குடலில்தான் இருக்கிறது. பின்லாந்தில் நுர்மியும் ரன்டலாவும் 1973-ல் காட்டியது இதுதான்: பொரித்த குஞ்சின் குடல் காலியாக இருப்பதால் சால்மோனெல்லா எளிதில் குடியேறுகிறது, வளர்ந்த, ஆரோக்கியமான கோழியின் குடல் பாக்டீரியாவை முதல் நாளே கொடுத்துவிட்டால் இடம் நிரம்பிவிடுகிறது. தொற்று வந்தபின் கொடுத்தால் அந்தப் பலன் இல்லை.

கேள்வி: பாக்டீரியோஃபேஜ் தெளிப்பதும் இதே முறையா?

இல்லை. ஃபேஜ் என்பது பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ். லிஸ்டீரியாவுக்கான ஒரு ஃபேஜ் கலவையை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2006 ஆகஸ்டில், உண்ணத் தயாரான இறைச்சியில் தெளிக்க அனுமதித்தது. அது படும் இடத்தில் உடனே கொல்லும். காப்புக் கல்ச்சர் நாள்போகப் போகப் பிடிக்கும். இறைச்சியின் மேற்பரப்பு திடமாக இருப்பதால் ஃபேஜ் லிஸ்டீரியாவைத் தேடிப் போகாது. நேராகப் பட வேண்டும். எனவே தெளிப்பு இன்னும் அடர்த்தியாக வேண்டும்.

கேள்வி: வீட்டில் தயிரையோ புரோபயாட்டிக் மாத்திரையையோ இறைச்சியில் தடவினால் இதே பாதுகாப்பு கிடைக்குமா?

கிடைக்காது. தயிர் பாக்டீரியா 40 டிகிரியை ஒட்டிய சூட்டை விரும்பும், குளிர்பெட்டியில் தூங்கும். லிஸ்டீரியா விழித்திருக்கும். மசாலாவில் தயிர் சேர்ப்பது மென்மைக்கும் சுவைக்கும் மட்டுமே.

கேள்வி: எங்கள் பொருளில் கல்ச்சர் உண்மையாகவே லிஸ்டீரியாவைக் கட்டுப்படுத்துகிறது என்று எப்படி நிரூபிப்பது?

தொற்றேற்றுச் சோதனை என்பதுதான் வழி. உங்கள் கூடத்தில் ஒருபோதும் செய்யாதீர்கள். லிஸ்டீரியாவை நீங்களே வாசலுக்கு அழைத்துவந்ததுபோல் ஆகும். தகுதியுள்ள ஆய்வகத்தில், உங்கள் பொருளின் மூன்று வெவ்வேறு தொகுதிகளில், கிராமுக்கு 100 என்ற அளவில் லிஸ்டீரியாவைச் செலுத்தி, கல்ச்சர் சேர்த்தது ஒன்று, சேர்க்காதது ஒன்று என்று இரண்டு வரிசை வைப்பார்கள். முதல் நாள், இடையில் சில நாள்கள், காலாவதி நாள் என்று எண்ணுவார்கள். வளர்ச்சி 0.5 லாக், அதாவது ஏறத்தாழ மூன்று மடங்குக்குள் நின்றால், அந்தப் பொருள் லிஸ்டீரியாவை வளரவிடாதது என்று ஐரோப்பிய வழிகாட்டுதல் ஏற்கிறது.

சோதனையை 4 டிகிரியில் மட்டும் நடத்தச் சொல்லாதீர்கள். பை உங்கள் குளிரறையில் இருக்கும்வரை 4 டிகிரி; லாரியிலும் கடை அலமாரியிலும் வாங்கியவர் வீட்டிலும் 8, 10 என்று ஏறும். காலாவதிக்கு முந்திய மூன்றில் ஒரு பங்கு நாள்களை அந்தச் சூட்டில் வைத்துப் பார்த்த அறிக்கைதான் பயன்படும். உப்பு, சர்க்கரை, பாஸ்பேட், பையின் வாயு, துண்டின் தடிமன் எதை மாற்றினாலும் பழைய அறிக்கை அந்தப் புதிய பொருளுக்குப் பொருந்தாது. மறுபடி ஒரு சோதனைக்கு ஏற்பாடு செய்யுங்கள். வாங்குபவரில் கர்ப்பிணிகளோ நோய் எதிர்ப்பு குறைந்தவர்களோ இருப்பார்கள் என்பதால், அறிக்கை நன்றாக இருந்தாலும் 'ஆவி பறக்கச் சூடாக்கிய பிறகு சாப்பிடவும்' என்ற வரியைப் பையின் மேல் எல்லாரும் படிக்கும் அளவில் அச்சிடுங்கள்.